மெர்ஜுக்கும் ஒரு வரி போடுங்க டேமேஜர் சார்!

"இன்னிக்கு மெர்ஜ் இருக்கு. சாப்பிட்டுட்டுத் தூங்குங்க, எனக்காகக் காத்திருக்க வேண்டாம்."

ஹிஞ்சேவாடியில் பொட்டி தட்டுகிறவர்கள் வீட்டில் இந்த வசனத்தைக் கேட்காத தங்கமணியோ ரங்கமணியோ இருக்க முடியாது. ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்த மாமனார், "அது என்ன மாப்ளே மெர்ஜு?" என்பார். "ரெண்டு இடத்துல இருக்குற புரோகிராமை ஒண்ணா சேர்க்குறது மாமா." "சேர்க்குறதுக்கு எதுக்கு ராத்திரி? பகல்ல சேர்த்தா சேராதா?"

ரொம்ப நியாயமான கேள்வி. பகலிலும் சேரும். பகலில்தான் ஒழுங்காகச் சேரும். ஆனாலும் நம்ம ஆட்கள் ராத்திரியில்தான் செய்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெர்ஜ் ராத்திரி வேலையானதற்குத் தொழில்நுட்பம் காரணம் இல்லை. எஸ்டிமேட் ஷீட்டில் அதற்கு ஒரு வரி கிடையாது, அதுதான் காரணம். டிசைனுக்கு வரி உண்டு, நிரல் எழுத உண்டு, டெஸ்டிங்குக்கு உண்டு, டாக்குமெண்டுக்குக் கூட உண்டு. மெர்ஜுக்கு இல்லை. எங்கேயும் எழுதாத வேலையை எங்கேயும் எழுதாத நேரத்தில்தானே செய்ய முடியும்? அந்த நேரம் வீட்டில் இருப்பவர்களுடையது.

பொட்டி தட்டாதவர்களுக்காக ஒரு கல்யாணக் கணக்கு சொல்கிறேன். தட்டுகிறவர்களும் படிக்கலாம், பின்னால் வேலைக்கு ஆகும் :-)

பத்திரிகை வைக்கிற லிஸ்ட்

வீட்டில் கல்யாணம். யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று அப்பா ஒரு நோட்டில் எழுதுகிறார். அதை ஜெராக்ஸ் எடுத்து ஒன்று மதுரையில் அப்பாவிடம், ஒன்று புனேயில் அண்ணனிடம். இரண்டு மாதம் இருவரும் தங்கள் பிரதியில் அடிக்கிறார்கள், சேர்க்கிறார்கள், திருத்துகிறார்கள். பிறகு இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். இதுதான் மெர்ஜ்.

புனே பிரதியில் தென்காசி சித்தப்பா பெயர் இருக்கிறது. மதுரை பிரதியில் இல்லை. சேர்த்த லிஸ்டில் அவர் இருக்க வேண்டுமா, கூடாதா?

இந்த இரண்டு தாளை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. முதல் நோட்டைப் பார்க்க வேண்டும். நோட்டில் சித்தப்பா இருந்தார் என்றால் மதுரையில் அப்பா அடித்திருக்கிறார் (ஏதோ வரப்புத் தகராறு), எடுத்துவிட வேண்டியதுதான். நோட்டில் இல்லை என்றால் புனேயில் அண்ணன் புதிதாகச் சேர்த்திருக்கிறார், வைத்துக்கொள்ள வேண்டும். அதே இரண்டு தாள், ஆனால் மூலத்தைப் பொறுத்து விடை தலைகீழாக மாறுகிறது. கிட் போன்ற மென்பொருள்கள் மெர்ஜ் செய்யும்போது இரண்டு பிரதியையும் அவை கடைசியாக ஒன்றாக இருந்த மூலத்தோடு ஒப்பிடுகின்றன. மூன்றையும் வைத்துப் பார்ப்பதால் மூன்று வழி மெர்ஜ் என்று பெயர். வரலாறு இல்லாமல் வெறும் ஃபைலை மட்டும் அனுப்பினால் இந்த மூன்றாவது தாள் காணாமல் போய்விடுகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்து ஒரு ஜிப் ஃபைல் வரும்.

அடுத்தது. ஒரே ஆளின் வரியில் அப்பா புது முகவரி எழுதியிருக்கிறார், அண்ணன் "தபாலில் அனுப்பினால் போதும்" என்று எழுதியிருக்கிறார். இது கான்ஃபிளிக்ட். மென்பொருள் இங்கே தானாக முடிவெடுக்காது. நிறுத்தி, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று நம்மிடம் தள்ளிவிடும். நம்ம பசங்களுக்கு கான்ஃபிளிக்ட் என்றால் வயிற்றைக் கலக்கும். நான் பயப்படுவது அதற்கல்ல.

முதல் பக்கத்தில் அப்பா முகூர்த்தத்தை 9 மணியிலிருந்து 7.30க்கு மாற்றிவிட்டார். பன்னிரண்டாம் பக்கத்தில் அண்ணன், "புனே ஆட்களுக்கு ஸ்டேஷனிலிருந்து வேன், காலை 8 மணி" என்று சேர்த்திருக்கிறார். இரண்டும் வேறு வேறு வரி, மோதலே இல்லை. மென்பொருள் சிரித்துக்கொண்டே சேர்த்துக் கொடுத்துவிடும். புனே ஆட்கள் வந்து இறங்கும்போது தாலி கட்டி முடிந்திருக்கும்.

நிரலிலும் இதே கதைதான். ஒரு பக்கத்தில் ஒருவர், தொகையை ரூபாயில் கொடுத்த ஒரு ஃபங்ஷனைப் பைசாவில் கொடுக்கும்படி மாற்றி, அதைக் கூப்பிடும் இடங்களையும் திருத்திவிடுகிறார். இன்னொரு பக்கத்தில் இன்னொருவர், அது ரூபாய்தான் என்று நம்பி அதைக் கூப்பிடும் புதுத் திரை ஒன்றை எழுதுகிறார். அவரவர் ரெப்போவில் அவரவர் டெஸ்ட் எல்லாம் பச்சை. மெர்ஜ் செய்தால் ஒரு கான்ஃபிளிக்ட் கூட வராது. வாடிக்கையாளருக்கு மட்டும் பில் நூறு மடங்காகப் போகும். கான்ஃபிளிக்ட் வரவில்லை என்பது "ஒரே வரியை இரண்டு பேர் தொடவில்லை" என்பதற்கு மட்டும்தான் சாட்சி. சரியாகச் சேர்ந்தது என்பதற்கு இல்லை.

ஏன் இரண்டு ரெப்போ?

"ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் என்ன?" என்று மாமனார் அடுத்து கேட்பார். ஹிஞ்சேவாடியின் பிழைப்பே அப்படி அமைந்தது. மகாராஷ்டிரா தொழில் வளர்ச்சிக் கழகம் அமைத்த ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க்கில் ஃபேஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக நிற்கும் கட்டிடங்களில் பாதி வேலை அடுத்தவர் நிரலைப் பராமரிப்பதுதான். கிளையண்டின் ரெப்போ அவர்கள் ஊரில். பாதுகாப்பு விதி, நெட்வொர்க் அனுமதி, ஒப்பந்தம் என்று ஆயிரம் காரணத்துக்காக நம் பக்கத்தில் ஒரு பிரதி. வங்கி, இன்சூரன்ஸ் மாதிரி ரெடிமேட் மென்பொருளை வாடிக்கையாளருக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கும் இடங்களில் இன்னும் மோசம். வாடிக்கையாளருக்கு ஒரு பிரதி என்று பத்து பிரதி ஓடும்.

அந்தக் காலத்து ஆட்களுக்கு விஷுவல் சோர்ஸ்சேஃப் ஞாபகம் இருக்கும். ஒருவர் ஃபைலை எடுத்தால் பூட்டு விழுந்துவிடும், அடுத்தவர் தொட முடியாது. மெர்ஜ் பிரச்சினையே இல்லை. அவர் பூட்டிவிட்டு தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டால் மட்டும் மொத்த டீமும் அட்மினைத் தேடி ஓட வேண்டும் :-) பிறகு சப்வெர்ஷன் வந்தது. அதில் பிராஞ்ச் போடுவது சுலபம், திருப்பிச் சேர்ப்பது கஷ்டம். எதுவரை மெர்ஜ் ஆகியிருக்கிறது என்பதை அதுவே குறித்து வைத்துக்கொள்ளும் வசதி 2008 ஜூனில் வந்த 1.5 பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவரை எண்ணைக் கையால் எழுதி வைப்போம்.

லினக்ஸ் கர்னல் ஆட்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதன் இலவச உரிமம் 2005 ஏப்ரலில் கைவிட்டுப் போக, லினஸ் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து கிட்டை எழுத ஆரம்பித்தார். ஒவ்வொருவரிடமும் முழு வரலாற்றோடு ஒரு ரெப்போ, அவற்றுக்கிடையே மெர்ஜ் என்பதே அதன் அடிப்படை. கருவி பிரச்சினை அன்றோடு பெரும்பாலும் தீர்ந்தது. மிச்சம் இருப்பது மனிதர்கள் பிரச்சினை.

ஊர் உலகத்தில் நடந்தது

மெர்ஜ் விஷயத்தில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று நிஜக் கதைகள்.

முதலாவது 2003 நவம்பர். லினக்ஸின் மூல ரெப்போ பிட்கீப்பரில் இருந்தது. அதைப் பயன்படுத்த விரும்பாதவர்களுக்காக சிவிஎஸ்ஸில் ஒரு பிரதி வைத்திருந்தார்கள். யாரோ அந்தப் பிரதியின் சர்வருக்குள் நுழைந்து இரண்டு வரி சேர்த்துவிட்டார்கள். பார்த்தால் சாதாரணப் பிழைச் சோதனை மாதிரி இருக்கும். ஒப்பிடுவதற்கு இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அதனால் "இவர் ரூட் பயனரா?" என்று கேட்க வேண்டிய வரி, "இவரை ரூட் பயனர் ஆக்கு" என்று ஆகிவிட்டது. மெஷினின் சாவியையே கொடுக்கிற வரி! பிரதியில் இருக்கும் மாற்றத்துக்கு மூலத்தில் பதிவு இல்லை என்பதைப் பிட்கீப்பரை உருவாக்கிய லாரி மெக்வாய் தரப்பு கவனித்தது, விஷயம் சிக்கியது. செய்தது யார் என்பது வெளியே வரவே இல்லை. காப்பாற்றியது இரண்டு விஷயம். ஒன்று, எது மூலம் எது பிரதி என்பதில் குழப்பம் இல்லை. இரண்டு, இரண்டையும் ஒத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது.

இரண்டாவது டெபியன். ஓபன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு நிரலைத் தங்கள் பிரதியில் 2006இல் டெபியன்காரர்கள் சிறிது மாற்றினார்கள். ஒரு சோதனைக் கருவி தேவையில்லாமல் எச்சரிக்கிறது என்று இரண்டு வரிகளை எடுத்தார்கள். ரகசியச் சாவி உருவாக்கும்போது கலக்கவேண்டிய தற்செயல் எண்கள் அதோடு போயின. மிஞ்சியது 32,768க்குள் அடங்கும் ஒரு பிராசஸ் எண். அவ்வளவு சாவிகளையும் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து எண்ணிவிடும். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்த பிறகு டெபியன், உபுண்டு சர்வர்களில் உலகம் முழுக்கச் சாவி மாற்றினார்கள். ஓபன்எஸ்எஸ்எல் மடற்குழுவில் கேட்காமல் செய்யவில்லை, கேட்டார்கள். ஆனால் அந்த மாற்றம் முறைப்படி மூல ரெப்போவுக்குப் போய், எழுதியவர்கள் வரிவரியாகப் பார்த்து, அங்கேயே சேரவில்லை. டெபியன் பிரதியிலேயே தங்கிவிட்டது. நம் "வாடிக்கையாளருக்கு ஒரு பிரதி" ஆட்கள் இதைச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

மூன்றாவது 2024 மார்ச், எக்ஸ்இசட் விவகாரம். சுருக்கிக் கட்டும் ஒரு சின்ன நிரலுக்குள் ஒருவர் பின்கதவு வைத்துவிட்டார். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதம் ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் துருவியதால் வெளியே வந்தது. இதில் நமக்குப் பாடம் என்ன என்றால், பின்கதவைத் திறந்துவிடும் துண்டு கிட் ரெப்போவில் இல்லை. வெளியீடு என்று கட்டிக் கொடுத்த சுருக்கக் கோப்பில் மட்டும்தான் இருந்தது. ரெப்போவைப் பார்த்தவர்களுக்கு அது தெரியவே இல்லை.

இனி ஜிப் ஃபைல். நான் பார்த்த ஒரு ப்ராஜெக்டில், நான் சேருவதற்கு முன்பிருந்தே ஒரு ஏற்பாடு. வெள்ளிக்கிழமை தோறும் நம் பக்கத்து நிரலை ஜிப் செய்து அனுப்ப வேண்டும், அங்கே ஒருவர் அதைக் கிளையண்ட் ரெப்போ மேல் அப்படியே காப்பி செய்து கமிட் செய்வார். அதையும் "மெர்ஜ்" என்றுதான் சொன்னார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை கிளையண்ட் பக்கத்தில் வரிக் கணக்கில் ஒரு அவசரத் திருத்தம் செய்தார்கள். வெள்ளிக்கிழமை ஜிப் வந்து அதை மூடிவிட்டது. கான்ஃபிளிக்ட் வரவில்லை. எப்படி வரும்? யாரும் மெர்ஜ் செய்யவில்லையே, காப்பிதானே செய்தார்கள்!

மூன்று வாரம் கழித்து விஷயம் வெடித்தபோது பொங்கல் வாரம். ஜிப்பை அனுப்பிய ஜூனியர் பையன் தலையில் விடிந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். அங்கே வெள்ளி மாலை 6 மணி என்றால் இங்கே சனிக்கிழமை விடிகாலை 4.30. சோலாப்பூர் வழியாகப் போகும் ரயிலில் இரண்டு மாதம் முன்பு போட்ட டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு, இரண்டு இரவு வரிவரியாக ஒப்பிட்டு உட்கார்ந்தான். மனைவியும் கைக்குழந்தையும் ஊரில் காத்திருந்தார்கள். அந்த வருட அப்ரைசலிலும் அவன் பெயரில்தான் எழுதினார்கள். ஏற்பாட்டைச் செய்தவர்கள் பெயர் எங்கேயும் வரவில்லை. அவன் அனுப்பச் சொன்னதைத்தான் அனுப்பினான்.

சரி, என்னதான் செய்வது?

புதிதாக வருகிற பசங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

1. எது மூலம் என்று முடிவு செய்து எழுதி வையுங்கள். இரண்டு ரெப்போவும் மூலம் என்றால் இரண்டும் மூலம் இல்லை. திருத்தம் எந்தப் பக்கம் நடந்தாலும் எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒரே ஒரு பாதை இருக்கட்டும்.

2. வரலாற்றோடு கொண்டு வாருங்கள். ஜிப் கூடாது. நெட்வொர்க் அனுமதி இல்லையென்றால் கிட்டில் பண்டில் என்று ஒரு வசதி உண்டு, கமிட்களை வரலாற்றோடு ஒரே ஃபைலாகக் கட்டி அனுப்பலாம். தொடர்பில்லாத இரண்டு வரலாறுகளைச் சேர்க்க 2016இல் வந்த 2.9 பதிப்பிலிருந்து கிட் தானாகவே மறுக்கிறது. அந்த மறுப்பைத் தாண்டும் ஆப்ஷனை இணையத்தில் தேடி எடுத்து அடிப்பதற்கு முன் ஏன் மறுக்கிறது என்று யோசியுங்கள்.

3. கண்ணை மூடிக்கொண்டு புல் செய்யாதீர்கள். முதலில் ஃபெட்ச். என்னென்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒரு தனி பிராஞ்சில் மெர்ஜ் செய்து, இரண்டு பக்கத்து டெஸ்டையும் ஓட்டிவிட்டு, அப்புறம் மெயினுக்குக் கொண்டு போங்கள்.

4. கான்ஃபிளிக்ட் வந்தால் எழுதியவரைக் கூப்பிடுங்கள். "நம்முடையதே இருக்கட்டும்" அல்லது "அவர்களுடையதே இருக்கட்டும்" என்று மொத்தமாக ஒரு பக்கம் சாய்வது மெர்ஜ் இல்லை, இன்னொரு விதமான ஜிப். எழுதியவரைப் பகலில்தான் கூப்பிட முடியும் என்பதையும் கவனியுங்கள்.

5. பொது பிராஞ்சில் ஃபோர்ஸ் புஷ் செய்ய முடியாதபடி பூட்டுங்கள். 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் திட்டத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ரெப்போக்களில் தவறுதலாக ஃபோர்ஸ் புஷ் நடந்து பழைய நிலைக்குப் போய்விட்டன. மீட்டுவிட்டார்கள். உங்கள் கிளையண்டுக்கு அவ்வளவு பொறுமை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

6. தினமும் சேருங்கள். இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். ஒரு நாள் வித்தியாசத்தைச் சேர்க்க அரை மணி நேரம் ஆகலாம். மூன்று மாத வித்தியாசத்துக்கு அதைப் போல தொண்ணூறு மடங்கோடு நிற்காது. ஏன் மாற்றினோம் என்று எழுதியவருக்கே மறந்திருக்கும், சில பேர் வேறு கம்பெனிக்கே போயிருப்பார்கள்.

லினக்ஸில் இந்த ஆறாவதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் இரண்டு வார மெர்ஜ் காலம் உண்டு, அதில்தான் டோர்வால்ட்ஸ் புது வேலைகளை எடுப்பார். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் வெடிக்காமல் இருப்பதற்காக, லினக்ஸ்-நெக்ஸ்ட் என்று ஒரு ரெப்போவை ஆஸ்திரேலியாவின் ஸ்டீபன் ராத்வெல் 2008இல் ஆரம்பித்தார். எல்லா உட்பிரிவுகளின் ரெப்போக்களையும் வேலை நாட்களில் தினமும் ஒத்திகையாக மெர்ஜ் செய்து, எங்கே மோதுகிறது, எங்கே கட்டமுடியாமல் உடைகிறது என்று உரியவர்களுக்கு எழுதி வந்தார். வருடக்கணக்காக அதுவே அவர் வேலையாக இருந்தது. அங்கே மெர்ஜ் ஒருவர் பெயர் போட்ட, பகலில் செய்கிற, மரியாதையுள்ள வேலை. நம் பக்கத்தில் அது டீமிலேயே ஜூனியர் பையனின் தலையில் ரிலீசுக்கு முந்தின ராத்திரி விழுகிற ஆணி.

டேமேஜர்கள் இரண்டு பதில் வைத்திருப்பார்கள். ஒன்று, "மெர்ஜ் என்று வரி போட்டால் கிளையண்ட் காசு தர மாட்டான்." ஐயா, அவன் ஏற்கெனவே தந்துகொண்டுதான் இருக்கிறான். "ரிலீசுக்குப் பிந்தைய பிழைத் திருத்தம்" என்ற பெயரில் தருகிறான். மிச்சத்தை நம் வீட்டுக்காரர்கள் தருகிறார்கள், பில் போடாமல். பத்து மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் மெர்ஜுக்கு என்று போட்டுப் பாருங்கள். அது என் கணக்கு, உங்கள் ப்ராஜெக்டுக்குக் கூடலாம், குறையலாம். ஆனால் பூஜ்யம் என்பது மட்டும் எந்த ப்ராஜெக்டுக்கும் சரியான விடை இல்லை.

இரண்டாவது பதில் புதுசு. "இப்போ ஏஐ எல்லா கான்ஃபிளிக்டையும் தீர்த்துடும்." தீர்க்கட்டும், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது பார்ப்பது நிரலை. தென்காசி சித்தப்பாவை ஏன் அடித்தார்கள் என்று அதற்கு எங்கேயாவது எழுதி வைத்திருந்தால்தான் தெரியும். அதோடு ஏஐ வந்த பிறகு எழுதுகிற நிரலின் அளவு கூடியிருக்கிறது. எழுதுவது வேகமானால் சேர்ப்பதற்கான வரி பெரிதாகத்தான் வேண்டும், சிறிதாக இல்லை.

தங்கமணிகளே, ரங்கமணிகளே! அடுத்த முறை "இன்னிக்கு மெர்ஜ் இருக்கு" என்று போன் வந்தால் கோபப்படாதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன தடவை எப்போ மெர்ஜ் பண்ணீங்க?" "நேத்து" என்றால் சாப்பாட்டை மூடி வையுங்கள், வந்துவிடுவார். "தீபாவளிக்கு முன்னாடி" என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்குங்கள். மறுநாள் காபி கொடுக்கும்போது, அடுத்த எஸ்டிமேட்டில் அந்த ஒரு வரியைப் போடச் சொல்லுங்கள். நாம் சொல்லி டேமேஜர் கேட்கவில்லை, நீங்கள் சொன்னால் இவர்களாவது கேட்பார்கள் :-)

பி.கு: மெர்ஜை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஏழாவதாகச் சொல்ல நினைத்தேன். தினமும் சேர்த்தால் வெள்ளிக்கிழமையும் ஒரு சாதாரண நாள்தான் என்பதால் விட்டுவிட்டேன்.